வால் நீண்ட எழுத்து

நியாபொலிஸ்,
திராட்சை மிதிக்கும் மாதம், ஆறாம் நாள்

அன்புள்ள அண்ணன் அபிபாலுக்கு,

நம் தெய்வம் தானித் தாயாரின் பார்வையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். கார்த்தேஜில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் ஊர் சேர்ந்திருக்கும் ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் சண்டை தொடங்கி மூன்று வருடமாக உனக்கு நான் எழுதவில்லை. மனசில் ஒன்றும் இல்லை, கொண்டுவரத்தான் ஆள் இல்லை. இப்போது லாகோன் என்று ஒரு எண்ணெய் வியாபாரி அகப்பட்டிருக்கிறார். ரோட்ஸ் தீவுக்காரர், இரண்டு பக்கத்துத் துறைமுகத்துக்கும் போய்வருகிறவர். "சண்டை உங்களுக்குள்ளதாம்மா, எண்ணெய்க்கு என்ன சண்டை?" என்கிறார்.

என் வீட்டுக்காரர் சீமோஸ் வழக்கம்போலப் படகுப் பட்டறையே கதி என்று கிடக்கிறார். மெலித்தாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, வாய் என்னைப்போல. மாமியார் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். என் கல்யாணத்தில் நீ சாப்பிட்டதைப் பார்த்து, "இந்த ஆளுக்குப் பரிமாற ரெண்டு கை பத்தாது" என்றாரே, அவர்தான். நல்ல மனுஷி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ரோம்காரர்கள் ஒரு பெரிய போர்க்கப்பலை எங்கள் கரைக்கு இழுத்து வந்து ஏற்றினார்கள். மெஸ்ஸானா பக்கம் தரைதட்டி அவர்கள் கையில் சிக்கிய நம் ஊர்க் கப்பல். ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தால் பலகைக்குப் பலகை நம் எழுத்து, கறுப்பு மையில். அண்ணா, எல்லாம் உன் கையெழுத்து! இடப்பக்கம் நாலாவது பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு வரியே இருந்தது: "மேஸ்திரி ஹிமில் ஒரு கழுதை."

அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மீன்காரி, "எதிரி கப்பலப் பாத்து எல்லாரும் எச்சில முழுங்கறாங்க, உனக்கு என்னடி இளிப்பு?" என்று திட்டினாள்.

யார் அந்த ஹிமில்? உன்னை என்ன செய்தார்? உடனே எழுது.

உன் தங்கை,
அரிஷத்



கார்த்தேஜ்,
அத்தி காயும் மாதம், கடைசி வாரம்

வாயாடித் தங்கை அரிஷத்துக்கு,

பால் ஹம்மோன் சாமி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மாப்பிள்ளையையும் மெலித்தாவையும் விசாரித்தேன் என்று சொல். மாமியார் செய்தி கேட்டு உன் அண்ணி அழுதாள். நான் அன்றைக்குச் சாப்பிட்டதை நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்து சேர்ந்த கதையே தனிக் கதை. கார்த்தேஜ் என்றால் நம் பேச்சில் புதூர். நியாபொலிஸ் என்றால் கிரேக்கத்தில் புதூர். லாகோன் மேலுறையில், "புதூரிலிருந்து புதூருக்கு" என்று எழுதியிருந்தார். உங்கள் துறைமுகக் காவலாளி, "உள்ளூர்க் கடிதத்தை ஏன்யா கப்பல்ல ஏத்தறே, நடந்து போய்க் குடு" என்று விரட்டினானாம்.

ஹிமில் எங்கள் கப்பல் கட்டும் தளத்து மேஸ்திரி. நீ ஊரை விட்டுப் போன பிறகு நான் பலகைக்கு எழுத்துப் போடும் வேலைக்கு மாறினேன். ஒவ்வொரு பலகைக்கும் வரிசைப்படி ஓர் எழுத்து. தச்சன் அந்த எழுத்தைப் பார்த்துப் பலகையை அதன் இடத்தில் பொருத்துவான். நாலாவது பலகைக்கு தாலெத், இருபதாவதுக்கு ரேஷ். உனக்கே தெரியும், இரண்டு எழுத்தும் ஒன்றுதான், வால்தான் வித்தியாசம். தாலெத்துக்குக் குட்டை வால், ரேஷுக்கு நீட்டு வால். அன்றைக்கு ஊரில் திருவிழா, எனக்கு அவசரம். தாலெத்துக்கு வால் நீண்டுவிட்டது. நாலாவது பலகை இருபதாவது இடத்துக்குப் போய்விட்டது, இருபதாவது நாலாவதுக்கு வந்துவிட்டது. வந்தது இரண்டு விரல் குட்டை.

கழற்றி மாட்டுங்கள் என்று நான் கெஞ்சினேன். "நாள் இல்லடா" என்று ஹிமில் இடைவெளியில் ஓர் ஆப்பை அடித்து, வெளியே ஒரு முழ நீளத்துக்கு ஈயத் தகடு அறைந்து மூடிவிட்டார். எனக்குப் பத்துப் பேர் முன்னால் கன்னத்தில் ஓர் அறை. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் நீ வாசித்தது.

கடல் அமைதியாக இருந்தால் அந்த இடம் தாங்கும். இரண்டு நாள் நல்ல அலை அடித்தால் ஆப்பு நகரும், ஈயம் கிழியும், தண்ணீர் உள்ளே வரும். தரைதட்டினது மாலுமியின் குற்றம் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்கள் குதித்துத் தப்பிவிட்டார்கள், அந்த மட்டும் சரி.

இதை மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவரும் தச்சர். எழுத்துத் தெரியாத மச்சான் என்று நினைத்துவிட்டால் நான் எந்த முகத்தோடு உன் வீட்டு வாசலை மிதிப்பேன்? சத்தியம் பண்ணு.

உன் அண்ணன்,
அபிபால்



நியாபொலிஸ்,
ஒலிவம் பறிக்கும் மாதம், இரண்டாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். உன் முழங்காலுக்கு லாகோனிடம் ஒரு குப்பி எண்ணெய் கொடுத்திருக்கிறேன், சூடாக்கித் தேய். குளிர் வந்துவிட்டது, லாகோனுக்கு இதுதான் கடைசிப் பயணம். இனி வசந்தத்தில்தான் கடல் திறக்கும். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே கொட்டிவிடுகிறேன்.

சத்தியம் பண்ணிவிட்டேன். பண்ணின பத்தாம் நாள் இடி விழுந்தது.

ரோம்காரர்கள் அந்தக் கப்பலை எதற்குக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? அதைப் பார்த்து அதேபோல நூறு கப்பல் கட்டுவதற்கு! சுற்று வட்டாரத்துத் தச்சர்கள் எல்லாரையும் சேர்த்துவிட்டார்கள், சீமோஸையும்தான். கப்பலைப் பலகை பலகையாகப் பிரித்து, அளந்து, மாதிரி எடுக்கிறார்கள். குட்டைப் பலகைக்கும் மாதிரி. ஆப்புக்கும் மாதிரி. ஈயத் தகட்டுக்கும் ஒரு மாதிரி. "கார்த்தேஜ்காரன் அந்த இடத்துல மட்டும் ஈயம் அடிக்கிறான்னா அதுல ஏதோ சூட்சுமம் இருக்கு" என்று என் வீட்டுக்காரரே வாயைப் பிளந்துகொண்டு சொல்கிறார். நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சிரித்தவள் என்று மீன்காரி காட்டிக்கொடுத்திருக்கிறாள். ரோம் அதிகாரி, மழுமழுவென்று சவரம் செய்த முகம், நாலாவது பலகையைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு? இங்க உன்னைத் தவிர யாருக்கும் வாசிக்கத் தெரியாதாமே" என்றார். உன் வரியைச் சொன்னால் உன்னையும் சொல்லவேண்டும், சத்தியமும் போகும். "கடல் தாயே, இந்த வயிற்றை நனையாமல் காப்பாற்று" என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். அவருக்கு மனம் உருகிவிட்டது. "நூறு கப்பல்லயும் இத எழுதுங்க, ஒரு கோடு மாறக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆக, அண்ணா, உன் மேஸ்திரி நூறு முறை கழுதையாகப் போகிறார்.

இதுவரை சிரிப்பு. நேற்று கப்பலோடு கடலுக்குப் போகிற தச்சர்களின் பெயரை வாசித்தார்கள். அதில் சீமோஸ் பெயர் இருக்கிறது.

அண்ணா, அவர் அந்த ஈயத் தகட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு போகப்போகிறார். சொல்லாமல் இருந்தால் அவர் கதி என்ன? சொன்னால் அவர் கப்பல் மட்டுமா சரியாகும், நூறும் சரியாகும். அந்த நூறும் உங்கள் மேல்தான் வரும். நான் என்ன செய்யட்டும்? சத்தியத்தை வாங்கினவன் நீ. நீயே சொல்.

அரிஷத்



கார்த்தேஜ்,
வாதுமை பூக்கும் மாதம், முதல் நாள்

தங்கை அரிஷத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எண்ணெய் தேய்த்தேன், முழங்கால் பரவாயில்லை. உங்கள் வெள்ளாடு குட்டி போட்டதா? ஆடு இருக்கிறதா?

ரோம்காரர்கள் கப்பல் கட்டுவதைத் தளத்துப் பெரியவர்களிடம் முறைப்படி சொன்னேன். "ரோம்காரனா? அவன் குளிக்கிறதுக்கே கடல்ல எறங்கமாட்டானேடா" என்று சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு, இந்தச் செய்தி உனக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். ஆகவே இப்போதெல்லாம் வெளியூர்க் கடிதங்களைத் துறைமுகத்தில் ஓர் எழுத்தர் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார். அவர் பெயர் யாதோன். மிகவும் நல்லவர், கண்ணியமானவர். இதை வாசித்துக்கொண்டிருக்கும் அவருக்கும் என் வணக்கம்.

வேறு விசேஷம் இல்லை.

அபிபால்



நியாபொலிஸ்,
கொடி துளிர்க்கும் மாதம், எட்டாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கும், இதை வாசிக்கும் பெரியவர் யாதோனுக்கும்,

இங்கே அனைவரும் நலம். எங்களிடம் ஆடு கிடையாது. குளிர்காலம் முழுக்கக் காத்திருந்ததற்கு ஆட்டை விசாரித்தாய், மிக்க சந்தோஷம்.

கப்பல் விவகாரம் எதுவும் எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன், சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். கடற்கரை மணலில் பெஞ்சு போட்டு, வரிசையாக ஆள் உட்கார்ந்து, கையில் துடுப்பு வைத்துக்கொண்டு மணலைத் துழாவுகிறார்கள். ஒருவன் தாளம் போடுகிறான். இரண்டு வாரமாக நடக்கிறது. மெலித்தா தினமும் போய், "இன்னும் நீங்க போகவேயில்லையா?" என்று கேட்டுவிட்டு வருகிறாள்.

என் மாமியார் நல்ல சுகம். ஆமாம், மாமியார்தான். அவரைப் பற்றித்தான் உன்னிடம் ஒரு யோசனை கேட்கவேண்டும். அவர் நம் ஊர்க் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். நம் ஊரிலிருந்து வந்த சட்டி ஒன்றைப் பார்த்து அதேபோல நூறு சட்டி செய்திருக்கிறார்கள். பார்த்துச் செய்த சட்டியில் ஓரிடத்தில் ஒரு குறை, நூறிலும் அந்தக் குறை. எனக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. கோதுமை முற்றியதும் மாமியார் அந்தச் சட்டியை நம்பித்தான் பிழைக்கவேண்டும். மாமியாரிடம் சொல்லட்டுமா? சொல்லமாட்டேன் என்று ஒருவருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். சத்தியம் வாங்கினவர் வாயைத் திறந்தால் நான் தூங்குவேன்.

இந்த முறையும் ஆட்டை விசாரித்தாயானால் நான் உன் தங்கை இல்லை.

அரிஷத்



கார்த்தேஜ்,
அதே மாதம், இருபத்திரண்டாம் நாள்

கோபக்காரத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் மாமியார் நலமாக இருப்பது கேட்டு மிகவும் ஆச்சரியப்பட்டேன், அதாவது, சந்தோஷப்பட்டேன். அந்த வயதில் அந்தத் தெம்பு யாருக்கும் வராது.

உன் கேள்வியை மூன்று நாள் மனசில் வைத்துக்கொண்டு நடந்தேன். தளத்துக்குப் போய்ப் புதுப் பலகைகளுக்கு எழுத்துப் போட்டேன். எங்கள் சட்டியில் சாப்பிடப்போகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? உன் அண்ணியிடம் கேட்டேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? அவ உங்க கூடப் பொறந்தவதானே?" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினாள்.

மாமியாரிடம் சொல்லிவிடு. சத்தியம் வாங்கினவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மானம் போனால் போகட்டும் என்கிறார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறார். உங்கள் வீட்டுச் சட்டியை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள். மற்ற தொண்ணூற்றொன்பது வீட்டுக்கும் போய்ச் சொல்லவேண்டாம். அவருக்கும் ஊர் இருக்கிறது, தங்கை.

உன் அண்ணன்,
அபிபால்

[கடிதத்தைச் சரிபார்த்தவனின் குறிப்பு: கஞ்சிக்கு உப்பை இறக்கும்போதுதான் போடவேண்டும். முதலிலேயே போட்டால் அதில் சேர்க்கும் பாலாடைக்கட்டி திரிந்துவிடும். தேன் தாராளமாக விடலாம். உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். — யாதோன்]



நியாபொலிஸ்,
கோதுமை பால்பிடிக்கும் மாதம், மூன்றாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். பெரியவர் சொன்னபடி உப்பைக் கடைசியில் போட்டுப் பார்த்தேன். உண்மையாகவே கஞ்சி நன்றாக வந்தது.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டே முழுக்கக் கேட்டார். நீ பயந்தாயே, அதுபோல ஒரு வார்த்தைகூடக் கேலி இல்லை. "குறையக் கண்டதும் கழட்டச் சொல்லியிருக்கான் பாரு, அவன்தான் வேலைக்காரன்" என்றார். அண்ணா, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இனி சொல்லப்போவதற்கு நீ கோபிக்கக்கூடாது. மற்ற வீடுகளுக்குப் போகவேண்டாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். மாமியார் கேட்கவில்லை. "அந்த வீடுகள்லயும் மனுஷங்கதானே சாப்பிடறாங்க? தெரிஞ்சுகிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்றார். நேராகப் பெரிய வீட்டுக்காரரிடம் போய், யார் சொன்னது என்று மட்டும் சொல்லாமல், மற்றதையெல்லாம் சொல்லிவிட்டார். பெரிய வீட்டுக்காரர் மழுமழு முகத்தைத் தடவிக்கொண்டு, "மாதிரிச் சட்டியில இருக்குன்னா காரணத்தோடதான் இருக்கும். அது அவங்க தொழில் ரகசியம். உன் கைய வெச்சுக் கெடுத்துடாதே" என்று அனுப்பிவிட்டாராம். மாமியார் மூன்று முறை போனார். மூன்றாவது முறை காவலாளைக் கூப்பிட்டார்கள்.

ஆக, எங்கள் சட்டி ஒன்றுதான் சரியானது. ஆட்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து, குறையை வெட்டி எடுத்துவிட்டு முழு நீளத்துக்குப் புதுசாகப் போட்டு, தகடே இல்லாமல் முடித்துவிட்டார். யாரும் இன்னும் கவனிக்கவில்லை. நீ கேட்டபடியே நடந்துவிட்டது. ஆனால் நாங்கள் உன் பேச்சைக் கேட்டதால் நடக்கவில்லை. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அரிஷத்



கார்த்தேஜ்,
அறுவடை மாதம், முதல் வாரம்

தங்கைக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

உன் மாமியாரின் தாடியை யாதோன் கவனிக்கவில்லை. உப்பு விஷயத்தைப் படித்ததிலேயே அவருக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாமியார் செய்தது சரி. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சத்தியமாகத் தெரியவில்லை.

என்னையும் கப்பல் தச்சனாகச் சேர்த்துவிட்டார்கள். முழங்காலைக் காட்டினேன், "துடுப்புப் போடறதுக்கா கூப்பிடறோம்?" என்றார்கள். நாளை மறுநாள் புறப்பாடு. ஹிமில் மேஸ்திரியும் இன்னொரு கப்பலில் வருகிறார். காலையில் வழியில் பார்த்து, "முழங்காலுக்குத் துணி சுத்திக்கடா, ஈரம் ஆகாது" என்றார்.

மெலித்தாவுக்கு முத்தம்.

அபிபால்



நியாபொலிஸ்,
அறுவடை மாதம், இருபதாம் நாள்

அன்புள்ள அண்ணி பத்நோமுக்கு,

நானும் மெலித்தாவும் சுகம். நீங்களும் பிள்ளைகளும் தைரியமாக இருக்கிறீர்களா? அண்ணன் கடிதம் வந்தது. அது வருவதற்கு நாலு நாள் முன்னால் இங்கேயும் கப்பல்கள் போய்விட்டன. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அண்ணன் கடலில் இருப்பது அவருக்குத் தெரியாது.

தானித் தாயாரிடம் ஒரு கப்பலுக்காக வேண்டிக்கொண்டேன். வீடு திரும்பும் வழியில் மனசு கேட்கவில்லை, திரும்பிப் போய் இன்னொரு கப்பலுக்காகவும் வேண்டிக்கொண்டேன். தாயாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்தால் நான் எழுதுகிறேன். நம் இரண்டு பேருக்கும் இப்போது ஒரே வேலைதான், அண்ணி.

அரிஷத்



பனார்மஸ், சிசிலித் தீவு,
கடும் வெயில் மாதம், பதினொன்றாம் நாள்

அரிஷத், மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். நான் என் கண்ணால் பார்த்தேன். முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி மெதுவாக வாசி.

நானும் உயிரோடு இருக்கிறேன். இடது தோளில் ஒரு காயம், ஆறிவருகிறது. இங்கே யாதோன் இல்லை, லாகோன் கையில் நேராகக் கொடுக்கிறேன், அதனால் கஞ்சி இல்லாமலே எழுதலாம்.

சண்டை மைலே ஊருக்கு எதிரே கடலில் நடந்தது. உங்கள் கப்பல்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். முன்னால் ஒரு நீண்ட பாலத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தன. கிட்டே போனதும் அந்தப் பாலத்தை எங்கள் கப்பலின் மேல்தட்டில் போட்டார்கள். அதன் நுனியில் ஓர் இரும்பு முள், பலகையில் குத்தி நின்றுவிட்டது. அதன் மேல் நடந்து வந்தார்கள், அரிஷத். கடலில் யாராவது நடந்து வருவார்களா? அப்புறம் சிரிப்பதற்கு எங்களிடம் யாரும் இல்லை. என் கப்பலை இன்னொரு கப்பல் விலாவில் இடித்தது. நான் தண்ணீரில் கிடந்தேன்.

அன்று கடல் எண்ணெயாகக் கிடந்தது. ஒரு அலை இல்லை. ஆப்பும் ஈயமும் எல்லாக் கப்பலிலும் தாங்கிவிட்டன. நீயும் நானும் குளிர்காலம் முழுக்கத் தூங்காமல் கிடந்ததற்கு அன்றைக்குத் தேவையே இருக்கவில்லை.

சண்டை ஓய்ந்து உங்கள் கப்பல்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போயின. இடப்பக்கம் நாலாவது பலகை, ஒரு முழ ஈயத் தகடு. அடுத்தது, ஈயத் தகடு. ஒவ்வொன்றாக என் தப்பு என் முன்னால் ஊர்வலம் போனது. பிறகு ஒரு கப்பல் வந்தது. தகடு இல்லை. பலகை முழு நீளத்துக்கு, ஒரு மயிர் நுழைய இடமில்லாமல் பொருந்தியிருந்தது. நான் எழுத்தைச் சரியாகப் போட்டிருந்தால் அது இருந்திருக்கவேண்டிய விதம் அது. மேலே ஒருவர் குனிந்து விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடம் ஆனாலும் அந்தச் சப்பை மூக்கை மறக்கமுடியுமா?

நான் கூப்பிடவில்லை.

என் கப்பல் மூழ்கிவிட்டது, என்னோடு சாப்பிட்டவர்கள் பாதிப்பேர் இல்லை. அந்த நேரத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்று வேறு யாரிடமும் சொல்லமுடியாது. உன்னிடம் சொல்கிறேன். எங்கிருந்தோ ஒரு துடுப்பு கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், சாயங்காலம் நம் படகு ஒன்று எடுத்துக்கொண்டது.

ஹிமில் மேஸ்திரி வரவில்லை. விசாரித்தேன், யாரும் பார்க்கவில்லை. நான் எழுதிய அந்த வரியை நினைத்தால் நெஞ்சைப் பிசைகிறது. அவர் மகனுக்கு நானே எழுதப்போகிறேன்.

உன் அண்ணிக்கும் எழுதிவிட்டேன். அழாதே.

அபிபால்



நியாபொலிஸ்,
திராட்சை மிதிக்கும் மாதம், பத்தொன்பதாம் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதிவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன். தோள் ஆறிவிட்டதா? லாகோன் இதையும் பனார்மஸில் உன் கையிலேயே தருவார், நடுவில் யாதோன் இல்லை. அழாதே என்று எழுதியிருந்தாய். அழுதேன்.

உன் கடிதம் வந்தபோது இங்கே ஒரு செய்தியும் இல்லை. ஊரில் இருபது வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. நான் மட்டும் அன்றைக்குத் தேன் விட்டுக் கஞ்சி காய்ச்சினேன். மீன்காரி வந்து எட்டிப் பார்த்து, "உனக்கு மட்டும் யாரு வந்து சொன்னா?" என்றாள். நான் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

அவர் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தார். திரும்பும் வழியில் மூன்று நாள் காற்று பிய்த்து எடுத்ததாம். பல கப்பல்களில் ஈயம் கிழிந்து முழங்கால் அளவு தண்ணீர், இராப்பகலாக இறைத்தார்களாம். இரண்டு கப்பல் கவிழ்கிற நிலைக்கு வந்து, அதிலிருந்த ஆட்களை இவர்கள் கப்பலில்தான் ஏற்றிக்கொண்டார்களாம். இவர்கள் கப்பலில் மட்டும் படுக்கும் பாய்கூட நனையவில்லை. மழுமழு அதிகாரி இறங்கியதும் நேராக அவரிடம் வந்து, கப்பல் விலாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். இப்போது எல்லாத் தகட்டையும் பிரிக்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று சொல்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே மைலே கதையெல்லாம் சொன்னார். கடைசியில், "ஒரு பைத்தியக்காரனைப் பாத்தேன், அரிஷத்" என்றார். "உங்க ஊர்க்காரன். தண்ணியில கெடக்கறான், தோள்ல ரத்தம். மத்தவங்கல்லாம் காப்பாத்துன்னு கத்தறாங்க. இவன் கத்தல. எங்க கப்பல் விலாவக் கையக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான். அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு என்னவோ பண்ணிச்சு. யாரும் பாக்காதப்ப ஒரு துடுப்ப எடுத்து அவன் பக்கமாப் போட்டேன்."

அண்ணா, நீ சிரித்ததை எனக்கு எழுதவில்லையே.

உன் கடிதத்தை எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன். சப்பை மூக்கு வரைக்கும் கேட்டுவிட்டு எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்தார், கண் சிவந்திருந்தது. மரத்தூள் என்றார். பட்டறையில் இரண்டு மாதமாக யாரும் மரம் அறுக்கவில்லை. பிறகு என்னை உட்காரச் சொல்லி, இதை ஒரு எழுத்து விடாமல் எழுதச் சொன்னார்:

"அடுத்த தடவை சிரிக்கவேண்டாம்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லு. மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லு. நான் குதிச்சிருப்பேன்."

உன் தங்கை,
அரிஷத்